ப்ரோப் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

என் அப்பாவுக்கு,

இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. எங்கள் அகராதியின் 'பி' எழுத்துச் சீட்டுகள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும் என் கைப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கிறது. தலைச்சொல்: ப்ரோப். பொருள் நான்கு. நான்குக்கும் தமிழ் எழுதிவிட்டேன். முதல் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அதுவும் இருக்கிறது. அதைத்தான் கொடுக்க முடியவில்லை.

அந்த வாக்கியத்தை நான் எழுதிக்கொண்டபோது உங்கள் வலது கால் ஒரு முக்காலியின் மேல் நீட்டியிருந்தது. ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸிங் அறையில். டாக்டர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் பொய் சொன்னீர்கள். பிறகு அதே கேள்வியை என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வலியசாலை அக்ரஹாரத்தில் இதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நம் தெருவில் மரியாதை. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் உங்களிடம்.

*

என் வேலையை நீங்கள் வேலையாகவே ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மாடி அறை, நாலு பெண்கள், செருப்புப் பெட்டிகளில் அடுக்கிய சீட்டுகள். எல்லைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கும், போனக்காடு மாதிரி எஸ்டேட் பள்ளிகளுக்கும் ஓர் ஆங்கிலம்–தமிழ் மாணவர் அகராதி. "ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல எம்.ஏ. படிக்கணுமாடீ? நான் எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே சொன்னேனே" என்பீர்கள்.

எங்கள் அறையில் ஒரே ஒரு விதி. எடுத்துக்காட்டை இட்டுக்கட்டக் கூடாது. அச்சில் பார்த்ததாக இருக்க வேண்டும், அல்லது உயிரோடு இருக்கும் ஒருவர் வாயிலிருந்து கேட்டதாக இருக்க வேண்டும். எங்கே, யார் என்று சீட்டின் பின்பக்கம் எழுத வேண்டும். நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தோம்.

நீங்கள் ரிட்டயர் ஆன பிறகு நாம் சேர்ந்து செய்த ஒரே காரியம் இது என்று இப்போது தோன்றுகிறது. காலையில் ஆங்கிலப் பேப்பரை விரித்து, அடிஸ்கேல் வைத்துத் தலைப்புகளைக் கிழித்து எனக்காக எடுத்துவைப்பீர்கள்.

"இன்னிக்கு மூணு ப்ரோப் இருக்குடீ. பாலம் ஒண்ணு, பரீட்சைப் பேப்பர் ஒண்ணு, யாரோ ஒரு மந்திரி ஒண்ணு."

"எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா அப்பா?"

"அஞ்சே எழுத்து. சின்ன எடத்துல அடங்கும். இன்வெஸ்டிகேஷன்னு போட்டா பக்கத்துச் செய்திலே போய் இடிக்கும்." காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஆபீஸ்ல எத்தனை பார்த்தாச்சு. ப்ரோப் ஆர்டர்டுன்னு வந்தா, இனிமே இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்க வேண்டாம்னு அர்த்தம்."

"இதையும் சீட்டுல எழுதட்டுமா?"

"எழுதேன். அஞ்சாவது அர்த்தம்."

சிரித்தோம். அம்மா உள்ளே இருந்து, "அப்பாவும் பொண்ணும் கார்த்தால வெறுதே என்ன சிரிப்பு" என்றாள். மலையாள நாட்டின் தலைநகரத்தில் இருந்ததால் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டே மாதத்தில் ஒரு செருப்புப் பெட்டி நிறைந்தது.

*

தமிழ் கண்டுபிடிப்பதில்தான் சிரமம். பெயர்ச்சொல்லாக வரும்போது பெரிய சங்கடம் இல்லை. ஆளை அனுப்ப முடியாத இடத்துக்கு, வானத்துக்கோ கடலடிக்கோ அனுப்பும் கருவி. அரசாங்கம் போடும் விசாரணை. காயத்தின் ஆழம் பார்க்கும் மழுங்கிய கம்பி; சீட்டில் முதல் பொருள் இதுதான். வினைச்சொல்லாக வரும்போது? ஒருவரிடம் மேலும் மேலும் கேட்டு உள்ளே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவு. துழாவு. கிண்டு. கிளறு. நோண்டு. குடை. அலசு.

"இதுக்கா ஒனக்குச் சம்பளம் தரா?" என்றாள்.

சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் கையால் செய்கிற வேலைகள். தேங்காய்க்கு, உப்புமாவுக்கு, துணிக்குச் செய்தால் நல்ல சொற்கள். மனுஷருக்குச் செய்தால் திட்டு. நம் வீட்டில் அவை ஒரே வடிவத்தில்தான் என் காதில் விழுந்திருக்கின்றன. துருவாதே. கிளறாதே. ஏன்டீ நோண்டறே. விசாரிப்பது என்றால் ஊரில் இருப்பவர்களுக்குக் கடிதத்தின் அடியில் எழுதுவது. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவரை யாரும் விசாரித்ததில்லை.

நான்காவது பொருளுக்கு 'துருவித் துருவிக் கேள்' என்று எழுதினேன். சரியான தமிழ்தான். என் வாயால் ஒருமுறைகூடச் செய்யாத தமிழ்.

அந்தச் சொல்லின் லத்தீன் வேர், 'இது தாங்குமா என்று சோதித்துப் பார்' என்பது. அதைப் படித்த அன்று மத்தியானம்தான் உங்கள் கால்.

*

மீன மாத உற்சவம், பங்குனியில். உச்சி வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து கோவிலைச் சுற்றிவிட்டு வந்தீர்கள். எப்போதும் செய்வதுதான். சர்க்கரை வந்த பிறகும் விடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தீர்கள். அம்மா தரையைப் பார்த்தாள். வாசலில் இருந்து உங்கள் நாற்காலி வரை, ஓர் அடி விட்டு ஓர் அடி, ஈரமாக வட்ட வட்டக் கறை.

"இது யார் கால்?" என்றாள்.

நாம் மூவரும் நம் கால்களைப் பார்த்தோம். உங்களுடையது. கட்டைவிரலின் அடியில் கொப்புளம் உடைந்து தோல் விலகியிருந்தது. உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. "சாரமில்லை" என்றீர்கள். மலையாளத்தில் இருந்து நம் வீட்டுக்கு வந்த சொற்களில் நீங்கள் அதிகம் உபயோகித்தது அது. கேள்வி எதுவானாலும் அந்த ஒரு சொல்லால் கதவைச் சாத்திவிடுவீர்கள். பெரிய காரியமில்லை, போ.

மூன்று வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. அங்கேதான் எஸ்தர் சிஸ்டர்.

நெய்யாற்றின்கரைக்கு அப்பால் இருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். அந்தப் பக்கத்துத் தமிழில், பாதி மலையாளத்தில், யாரையும் அதட்டுவார். உங்களை முதல் நாளே அதட்டினார்.

"என்ன சாமி, கோவிலச் சுத்தினா புண்ணியம் வரும்னு கேட்டிருக்கேன். உங்களுக்குப் புண்ணுல்லா வந்திருக்கு."

"இதைப் போய் நான் பூஜாரிகிட்ட சொல்றேன், சிஸ்டர்."

"சொல்லுங்க. அவருக்க காலையும் இங்கக் கொண்டாரச் சொல்லுங்க. நான் கெட்டிக் குடுக்கேன்."

நீங்கள் சிரித்தீர்கள். அப்படிச் சிரித்து வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. செவ்வாய், வெள்ளி என்று நாள் எண்ண ஆரம்பித்தீர்கள். அவருடைய மகள் பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று கேட்டு, பேப்பரில் குறுக்கெழுத்து வரும் பக்கத்தை மடித்துப் பையில் எடுத்துப்போவீர்கள். அவர் காலைக் கழுவி, மருந்து வைத்து, பஞ்சு வைத்து, பட்டைத் துணியை எட்டு என்ற எண் மாதிரிச் சுற்றி, பிளாஸ்திரி போட்டு முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வார்: "இனி வெள்ளி வரைக்கும் இதத் தொடப்பிடாது, கேட்டியளா. தண்ணி படப்பிடாது. சாமி நம்பிக்கையான ஆளு. நான் சொல்லண்டாம்."

"சொல்லவே வேண்டாம்" என்பீர்கள்.

*

நான் பார்த்தது ஒரு புதன்கிழமை விடிகாலை. பால்காரனுக்குப் பாத்திரம் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் உங்கள் வேஷ்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. நீளமாக, பிழிந்து, கிளிப் போட்டு. ஒரு நிமிஷம் என்னவென்றே புரியவில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கிணற்றடியில் குளித்து, ஈர வேஷ்டியோடு, மடியாக. அந்த நேரத்தில் உங்களை யாரும் தொடக் கூடாது. வெளியில் இருந்து வந்த துணி எதுவும் உங்கள் உடம்பில் இருக்கக் கூடாது. உங்கள் கால் வெறுமையாக இருந்தது. அந்தக் காலோடு கல்லின் மேல் நடந்து கோவிலுக்குப் போனீர்கள். ஈரக் கல்லில் மூன்று சுற்று. திரும்பி வந்து பூஜை. எல்லாம் முடிந்த பிறகு கொல்லைப் படியில் உட்கார்ந்து, கொடியில் இருந்து துணியை எடுத்து, எஸ்தர் சிஸ்டர் சுற்றுவதைப் போலவே எட்டு மாதிரிச் சுற்றினீர்கள். ரொம்ப கவனமாகப் பார்த்து வைத்திருந்தீர்கள். பஞ்சு இல்லை. மருந்து இல்லை. பழைய பிளாஸ்திரி ஒட்டவில்லை. அதை எச்சில் தொட்டு அழுத்தினீர்கள்.

எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இருக்கலாம்.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும். கேட்டுண்டு நிக்காதே. கேட்டா நாளைலேர்ந்து கட்டே வேண்டாம்பர்."

அது நியாயமாகத்தான் இருந்தது. நம் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நியாயமாக இருந்தது. உங்களை நான் நிறுத்தியிருக்கலாம். 'அப்பா, பூஜையை ஒரு மாசம் விடக் கூடாதா?' என்று ஒரு வரி. சாஸ்திரம் சொல்லும் வாத்தியாரைக் கேட்டிருந்தால் உடம்பு சரியில்லாதவனுக்கு விலக்கு உண்டு என்று சொல்லியிருப்பார். நான் அதையும் கேட்கவில்லை. மாடி அறைக்குப் போய் 'ப்ராப்ளம்' என்ற சொல்லுக்குச் சீட்டு எழுதினேன்.

*

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரே டிரஸ்ஸிங் அறைக்கு வந்தார். சின்ன வயசு. மலையாளத்தில் மெதுவாகப் பேசுவார். காலைப் பார்த்தார். முகர்ந்தார். கையை நீட்டினார். எஸ்தர் சிஸ்டர் தட்டில் இருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் கொடுத்தார். முனை மழுங்கியது. பென்சில் அளவு நீளம்.

"இதுதானா சிஸ்டர் ப்ரோப்?" என்று கேட்டேன்.

"இதேதான் மக்ளே. ஏன், உங்க புஸ்தகத்துல இதுவும் வருமா?"

"வரும்."

"அப்ப எனக்க பேரையும் போடுங்க."

பையில் இருந்து சீட்டையும் பேனாவையும் எடுத்தேன். அப்பா, இதை எழுதும்போது என் கை நிற்கிறது. ஆனால் நடந்தது இதுதான். உங்கள் புண்ணுக்குள் அந்தக் கம்பி போகும்போது நான் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தேன். பேப்பர் தலைப்புகளுக்கு நடுவில் எனக்குக் கிடைக்காமல் இருந்த முதல் பொருள், கண் முன்னால் உயிரோடு.

கம்பி போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு உள்ளே இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வேதனையுண்டோ?" என்று டாக்டர் கேட்டார்.

"கொஞ்சம்கூட இல்லை டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்னவர் மாதிரி. டாக்டரின் முகம் மாறியது. வலித்திருந்தால், நரம்புக்கு உயிர் இருக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருப்பார்; எனக்கு அது அப்போது தெரியாது.

பிறகு ஒரு சின்னச் சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கை நின்றது. பக்கத்தில் இருந்த ஜூனியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஐந்து சொற்கள். ப்ரோப் எலும்பைத் தொடுகிறது. எழுதிக்கொண்டேன்.

கம்பியை வெளியே எடுத்தார். பழைய கட்டுத் துணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தில் பாசி மாதிரி ஒரு பச்சை. உங்களிடம் கேட்டார்: இந்தக் கட்டு நடுவில் அவிழ்ந்ததா? நனைந்ததா?

"தொடறதே இல்லை" என்றீர்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டில் நீங்கள்தானே பார்த்துக்கொள்கிறீர்கள்? அப்படியேதான் இருக்கிறதா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பல நாள் யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன். சீட்டு கையில் இருந்தது. மசி காயவில்லை. தலையாட்டினேன்.

அவர் எஸ்தர் சிஸ்டரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசம். கட்டு இவ்வளவு தளர்வாக இருந்தால் தெருவின் அழுக்கெல்லாம் உள்ளேதான் போகும். பஞ்சுகூட வைக்காமல் எந்த ஊரில் கட்டுகிறார்கள் என்று கேட்டார்.

"நான் வச்சேன் சாரே. நல்லாத்தான் கெட்டினேன். சாமிகிட்டக் கேளுங்க."

சாமிகிட்டக் கேளுங்க. அவர் அப்படிச் சொன்னார், அப்பா. அந்த அறையில் தனக்குச் சாட்சி நீங்கள்தான் என்று நம்பினார்.

நீங்கள் வேஷ்டியின் ஓரத்தைச் சரிசெய்தீர்கள். நான் சீட்டைப் பையில் வைத்தேன்.

ஆட்டோவில் வரும்போது தம்பானூர் தாண்டி ஒரே ஒருமுறை பேசினீர்கள். "பாவம், அந்தப் பொண்ணு." அவ்வளவுதான். நானும் "ம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை டிரஸ்ஸிங் அறையில் வேறொருவர் இருந்தார். நீங்கள் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. எஸ்தர் எங்கே என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

*

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், கடைசிப் பகுதி தவிர. கட்டைவிரலை எடுத்தார்கள். மழை தொடங்கிய வாரம் காய்ச்சல். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். ஒற்றைக் காலோடு எப்படிக் கோவிலைச் சுற்றுவது என்று கேட்டீர்கள். டாக்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். கையெழுத்துப் போட நீங்கள் ஒப்புக்கொள்வதற்குள் காய்ச்சல் ரத்தத்துக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் கால் தங்கியிருக்குமா? தெரியாது. அன்றைக்கே கம்பி எலும்பைத் தொட்டுவிட்டது. டாக்டரைக் கேட்டால் அவரும் தெரியாது என்றுதான் சொல்வார். அதை ஒரு சமாதானமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பிறகு அது வேலை செய்யவில்லை.

வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். அம்மா ஆங்கிலப் பேப்பரை நிறுத்தவில்லை. படிப்பதும் இல்லை. மடித்து அடுக்குகிறாள். கேபிள் இணைப்பு கொடுத்துவிட்டார்கள், சாயங்காலம் டி.வி. பார்க்கிறாள், சத்தம் இல்லாமல். ஏன் சத்தத்தைக் குறைத்து வைக்கிறாய் என்று முந்தாநாள் கேட்டேன். நம் வீட்டில் அது பெரிய கேள்வி. "அவர் தூங்கற நேரம்னு பழகிடுத்து" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எங்கள் அகராதி முடியப்போகிறது. வானத்துக்கு அனுப்பும் கருவிக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. தும்பா ராக்கெட் தளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பஸ்ஸில் சொன்னது. மேலே போய், சேதி அனுப்பிவிட்டு, திரும்பி வராது. அதை வைத்து உங்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு பத்தி எழுத முடியும். எழுதவில்லை. அது சுலபம். நீங்கள் சேதி எதுவும் அனுப்பவில்லை. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

*

போன வாரம் கிழக்கேகோட்டையில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, பின்னால் இருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

"மக்ளே! சாமிக்க மக தானே?"

எஸ்தர் சிஸ்டர். வெள்ளை உடுப்பு இல்லாமல் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நூல் புடவை, கையில் மீன் பொதி.

"சாமி சுகமா இருக்காரா? காலு ஆறிச்சா?"

அவருக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் அவரை ஓ.பி. டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடப்பது அங்கே வராது. "நோயாளிக்க மேல கை வைக்கண்டாம்னு சொல்லிட்டாவ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "மக பாங்க் பரீட்சை எழுதிட்டா. சாமி தந்த கட்டமெல்லாம் இன்னும் வச்சிருக்கா. சொல்லுங்க, சாமி எப்படி இருக்காரு?"

சொன்னேன். ஆடி மாதம் போய்விட்டீர்கள் என்று.

அவர் மீன் பொதியைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சுற்றி ஆட்கள், கண்டக்டர்களின் கூச்சல். பிறகு என் முகத்தையே பார்த்துக் கேட்டார்:

"அந்தக் காலுனாலயா?"

"ஆமா."

"நான் சரியாக் கெட்டாததுனாலயா, மக்ளே?"

அப்பா, அவர் இவ்வளவு நாளும் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பதினெட்டு வருஷம் கட்டுப் போட்ட கை. "ராத்திரி கெடக்கும்போ நெனச்சு நெனச்சுப் பாப்பேன். பஞ்சு வச்சது எனக்கு ஓர்மை உண்டு. ஒருவேளை வச்சேன்னு நெனைக்கேனோ என்னவோ" என்றார்.

வாய் திறந்தேன். என் பஸ் வந்தது. 'அப்படியெல்லாம் இல்லை சிஸ்டர்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

ஏறிவிட்டேன். இரண்டாவது முறை. இந்தத் தடவை நீங்கள் பக்கத்தில் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள அதற்குமேல் இடமில்லை. எனக்கே கேள்விகளோடு நிற்கத் தெரியவில்லை. அவ்வளவுதான். படித்தேன், ஒரு சொல்லின் நாலு பொருளையும் இரண்டு பெட்டி சீட்டாகச் சேர்த்தேன், அந்தச் சொல் சொல்லும் காரியத்தைச் செய்யும் நேரம் வந்தபோதெல்லாம் பஸ் ஏறினேன்.

சீட்டை இன்று கொடுத்துவிடுவேன். அந்த வாக்கியம் இல்லாமல். முதல் பொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டாம். கம்பியின் படம் ஒன்று போடலாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன். அந்த அறையில் மூன்று பெண்களுக்கும் இப்போது தெரியும். ஒருத்தி எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் கேட்டிருக்கக்கூடியது இல்லை இது. எஸ்தர் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்வேன், கொடி, துணி, ஈரக் கல், தலையாட்டியது உட்பட. டாக்டரிடமும் சொல்வேன், எழுதியும் கொடுப்பேன். உங்களைக் குறைத்தும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். நீங்கள் எவ்வளவு கவனமாக அந்தத் துணியைச் சுற்றினீர்கள் என்பதையும் சொல்வேன். உங்கள் மேல் கோபமா என்று கேட்டால், கோபம் இல்லை. உங்களைக் கேட்கத் தெரியாமல் உங்கள் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன் என்ற வருத்தம்தான்.

அன்றைக்குத் தலையாட்டிய
உங்கள் பெண்,
சுபா

பின்குறிப்பு:

இதை எழுதி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஓ.பி. நேரம். எஸ்தர் சிஸ்டர் வரிசை குறையும்வரை காத்திருக்கச் சொன்னார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சொன்னேன். முடிந்ததும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி பூஜைக்கு ஆகாதுன்னு அவுத்தாரா," என்று கேட்டார், "இல்ல, நான் கெட்டினதுனால அவுத்தாரா?"

தெரியாது என்றேன். அப்பாவிடம் கேட்கவில்லை, ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை என்றேன்.

அவர் கைகளை மடக்கிக்கொண்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் ஜன்னலைத் திறந்தார். நான் எழுந்து வரிசையின் கடைசியில் நின்று, என் முறை வந்தபோது டாக்டரைப் பார்க்க ஒரு டோக்கன் கேட்டேன். பெயர் எழுதிக்கொண்டு பதினேழாம் எண் கொடுத்தார். வாங்கிக்கொண்டு டாக்டரின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தேன்.